பூஜையில் வைத்த உயிர்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு வணக்கம். உங்களில் சிலர் அட்டெண்டர் வேலைக்கு வந்தவர்கள், சிலர் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள். நான் பத்தாவது வரை படித்தவன். லாஸ்பேட்டையில் இருக்கிற நம் கல்லூரியின் தாவரவியல் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்தேன், அதே லேபின் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். எனக்குக் கட்டுரை எழுதத் தெரியாது, நடந்ததைச் சொல்லத் தெரியும். புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதுங்கள் என்று துறையில் கேட்டார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மஞ்சள் வளர்கிற அகர் ஜெல்லியை எப்படிக் காய்ச்சுவது, தட்டில் எப்படி ஊற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. எல்லாம் தலைகீழாகப் போகிற நாளில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது சுவரில் இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், நாம் யாருக்கு வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லைம் மோல்டு என்று நாம் சொல்வதைத் தமிழ்ப் புத்தகத்தில் சளிப்பூஞ்சை என்று போட்டிருப்பார்கள். அது சளியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. மழைக்காலத்தில் மக்கிப்போன கட்டை மேல் மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போலப் படர்ந்து கிடக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் நரம்பு நரம்பாக ஓடும். தலை கிடையாது, வாய் கிடையாது, கால் கிடையாது. ஆனால் நகரும். காலையில் தட்டின் இந்த ஓரத்தில் விட்டால் சாயந்திரம் அந்த ஓரத்தில் இருக்கும். ஓட்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போய்ச் சாப்பிடும். வெளிச்சம் பட்டால் ஒதுங்கும். மூளை இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு தெரியும்படி ஆண்டவன் படைத்திருக்கிறான். லேபில் நாங்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் மஞ்சள்.

பெரிய மனிதர்களுக்குக் கார் ஓட்டினேன் என்று சொல்லி நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் உண்டு. நான் மஞ்சளுக்குச் சோறு போட்டேன். அதே அளவு நிமிர்த்தித்தான் சொல்கிறேன். என் மைத்துனன் விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்பான்.

"இன்னா மாமா, உங்க சளி இன்னிக்கு சாப்டுச்சா?"

"சாப்டுச்சுடா. உன்னை மாரி தட்டுல மிச்சம் வெக்கல."

அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். நம் வேலையை நாமே கூச்சப்பட்டுச் சொன்னால் மற்றவன் சிரிக்கத்தான் செய்வான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேடம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நகரத்தில் பழைய சொல்தா, அதாவது சிப்பாய்க் குடும்பம். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் பூசை கண்டுவிட்டு, திங்கட்கிழமை எங்கள் பிள்ளையார் படத்துக்கும் பூ வாங்கி வந்து தருவார். பதறினால் அவருக்குப் பிடிக்காது. நான் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு தட்டில் பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. எல்லாத் தட்டையும் தூக்கித் தேய்த்துக் கழுவப் போனேன். மேடம் சத்தம் போடவில்லை.

"தூஸ்மான், தூஸ்மான்" என்றார். மெதுவாக, மெதுவாக என்பதற்கு அவர் வீட்டுப் பிரெஞ்சு அது. "கையைக் கட்டுப்பா. மொதல்ல கண்ணு பாக்கட்டும். கண்ணு பாத்து முடிச்சப்புறம் கைக்கு வேலை குடு."

கெட்டிருந்தது அந்த ஒரு தட்டு மட்டும்தான். நான் அன்றைக்குக் கையைக் கட்டாமல் போயிருந்தால் நல்லதும் சேர்ந்து சாக்கடைக்குப் போயிருக்கும். இந்த ஒரு பாடம் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். அது எனக்கு வேறு ஒரு நாளுக்காகச் சொல்லிவைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நாளைத்தான் விவரமாக எழுதப்போகிறேன்.

அப்போது லேபில் அமுதா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வீராம்பட்டினத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் உப்பு. மஞ்சளுக்கு உப்பு ஆகாது. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் உப்பு இருந்தால் அப்படியே நின்றுவிடும், விரலை நீட்டி நீட்டி இழுத்துக்கொள்ளும். ஆனால் தினமும் அதே வழியில் விட்டால், இந்த உப்பு நம்மை ஒன்றும் செய்யாது என்று அதற்குப் பழகிவிடும். கொஞ்ச நாளில் நிற்காமல் தாண்டிப் போகும். மூளை இல்லாத ஒன்று எப்படிப் பழகுகிறது, எவ்வளவு காலம் அதை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

அவள் அப்பா ஒரு நாள் மகளைப் பார்க்க லேபுக்கு வந்தார். தட்டைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "மீனுக்கு உப்பு போட்டா கருவாடு ஆவும். இதுக்குப் போட்டா இன்னாடி ஆவும்?" என்றார்.

"டாக்டர் ஆவும்பா" என்றாள் அமுதா. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

அந்த வருஷம் மழை முன்னாடியே பிடித்துக்கொண்டது. ஈரத்தில் லேபுக்குள் பூசணமும் சிற்றுண்ணியும் புகுந்து அவளுடைய தட்டுகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று காகிதத்தில் காயவைத்து எடுத்து வைத்திருந்த மஞ்சளும் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது எழுந்திருக்கவில்லை. மறுபடி எடுத்துவரலாம் என்றால், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் முதன்முதலில் அதைக் கண்டெடுத்த மக்கின கட்டையை வளாகம் சுத்தம் செய்கிறவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு தட்டு. உப்புக்கு முழுதாகப் பழகியிருந்ததும் அதுதான். அவள் இத்தனை காலம் உழைத்தது எல்லாம் அந்த மூடித் தட்டுக்குள் மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது போனால் அவள் ஆராய்ச்சியும் போனது.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

நம் லேபில் பூஜை எப்படி நடக்கும் என்று இந்த வருஷம் நீங்களே பார்ப்பீர்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் மேஜையெல்லாம் கழுவி, மாக்கோலம் போட்டு, சரஸ்வதி படத்துக்குச் சீரியல் பல்பு சுற்றி, வாழையிலை விரித்து, பொரி கடலை, தேங்காய், பழம் வைப்போம். அவரவர் ஆயுதத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து இலை பக்கத்தில் அடுக்குவோம். மைக்ராஸ்கோப், கத்தி, இடுக்கி, தராசு, எல்லாம். வைத்ததை மறுபூஜை செய்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எந்த ஆயுதமும் விட்டுப்போகவும் கூடாது.

அமுதா தன் ஆயுதமாக அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மூடி மேல் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சரஸ்வதி காலடியில் வைத்துக் கண்ணை மூடி நின்றாள். அந்த மாதம் அவள் பட்ட பாட்டுக்கு வேறு யாரிடம் போய் நிற்பாள்? எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. நான் கற்பூரம் காட்டினேன். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டோம். கதவைப் பூட்டினோம். மேடம் ஊரில் இருந்திருந்தால் தட்டைப் பார்த்த உடனே கேட்டிருப்பார். அவர் மகள் வீட்டுக்குப் பிரான்சுக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. முதலியார்பேட்டையில் என் வீட்டில் காலையிலேயே படைத்து முடித்துவிட்டோம். நான் என் ஆயுதத்தைச் சாமி காலடியில் வைத்திருந்தேன். என் ஆயுதம் எது? லேபின் சாவிக்கொத்துதான். என் வீட்டுக்காரி அரிவாள்மனைக்கும் கத்திக்கும் பொட்டு வைத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் மெதுவாக நடந்து வந்து விழுந்து கும்பிட முடியாமல் நின்று கும்பிட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு எதுவும் குறை வரக் கூடாது என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அமுதா. தலை கூடச் சரியாக வாரவில்லை.

"அண்ணே, லேப் தொறக்கணும்."

"இன்னா பாப்பா, பூஜை நாள்ல? நாளைன்னிக்குப் பாக்கலாம்."

"அண்ணே, சீரியல் பல்ப நிறுத்தினோமா?"

யோசித்தேன். சாமிக்குப் போட்ட விளக்கை யாரும் நிறுத்துவதில்லை. "எரியுது" என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா காலையில வெளக்கு ஏத்தினாங்கண்ணே. அப்பதான் எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. அது நாலு நாளா பட்டினி. அடுத்த சோதனைக்காக நான்தான் சோறு போடாம வெச்சிருந்தேன். பூஜை முடிஞ்சி போட்டுக்கலாம்னு இருந்தேன். வெச்சத எடுக்கக் கூடாதுன்னு வுட்டுட்டு வந்துட்டேன். பட்டினியா இருக்கறப்ப வெளிச்சமும் சேந்தா..."

மேலே அவள் சொல்லத் தேவையில்லை. உங்களுக்காக நான் சொல்கிறேன். மஞ்சள் பசியோடும் வெளிச்சத்தோடும் நெடுநேரம் கிடந்தால், இனி பிழைக்க வழி இல்லை என்று முடிவு செய்துவிடும். உடம்பையெல்லாம் சுருட்டிக் குட்டிக் குட்டி மொட்டாக நின்று, தூளாக மாறிவிடும். அந்தத் தூளிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கலாம். ஆனால் உப்பைக் கற்றுக்கொண்ட அந்த உடம்பு திரும்பி வராது.

சாவி சாமி காலடியில் குங்குமத்தோடு இருக்கிறது. தட்டு லேபில் சாமி காலடியில் இருக்கிறது. இரண்டையும் தொடக் கூடாது. உள்ளே என் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். மேடத்துக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். ஆனாலும் எடுத்தார்.

"பூஜை நாள்ல இன்னாப்பா போன்?"

சொன்னேன்.

"தொறக்கட்டுமா மேடம்?"

"அது உன் சாமி, உன் சாவி. நான் தொறன்னு சொன்னா நீ தொறந்துடுவ. அப்புறம் வீட்டுல ஒரு சின்ன தலைவலி வந்தாலும், அன்னிக்கு மேடம் சொல்லித் தொறந்தோமேன்னு ஓடும். அந்தப் பாரத்த என் மேல வெக்காத. உன் மேலயும் நான் வெக்க மாட்டேன். நீயே முடிவு பண்ணு. எதுவா இருந்தாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன்."

"மேடம்..."

"தூஸ்மான்பா. அவசரம்னா இன்னும் தூஸ்மான்."

போனை வைத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மேலதிகாரி என்றால் உத்தரவு போட வேண்டாமா? இன்றைக்கு நினைத்தால், என் மேல் அவ்வளவு மதிப்பு வேறு யாரும் வைத்ததில்லை.

சாமிக்கு முன்னால் போய் நின்றேன். பூப்போட்டுக் கேட்கலாமா, வலது பக்கம் விழுந்தால் எடுக்கலாமா என்று ஒரு யோசனை. என் வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னாங்க, கல்லு மாரி நின்னுட்டீங்க?"

"வெச்சத எப்பிடிடி எடுக்கறது?"

"நான் அருவாமனைக்குப் பொட்டு வெச்சேன். அதனால காய் அரியல, நேத்தே அரிஞ்சி வெச்சிட்டேன். ஆனா அடுப்புக்கும்தான் பொட்டு வெச்சேன். பத்த வெக்கலியா? சோறு பொங்கலியா? வவுத்துல புள்ளயோட ஒருத்தி படுத்துருக்கா. பூஜை நாளுன்னு அடுப்ப அணைச்சி வெச்சா சரஸ்வதி இன்னா மெச்சிக்குவாளா?"

நான் சாவிக்கொத்தையே பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு வெச்சது ஆயுதமா, உசுரா? அத மட்டும் சொல்லுங்க."

"உசுரு."

"அப்ப பசிக்கும்ல? போய் சோத்தப் போட்டுட்டு வாங்க."

பிள்ளைகளே, சாமியிடம் வழி கேட்பது வேறு, நம் முடிவைச் சாமி தலையில் கட்டுவது வேறு. பூப்போடவில்லை. "தாயே, இது என் முடிவு. தப்பாக இருந்தால் என்னைக் கேள், என் பிள்ளையைக் கேட்காதே" என்று வாய்விட்டுச் சொல்லிச் சாவிக்கொத்தை எடுத்தேன். குங்குமம் உள்ளங்கையில் ஒட்டியது. துடைக்கவில்லை.

அமுதாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காயைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள்.

லேபைத் திறந்தோம். ஊதுபத்தி வாசனை அப்படியே அடைந்து கிடந்தது. சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரிந்தது. அமுதா ஓடிப்போய்க் குனிந்தாள்.

தட்டு காலி.

மூடி இருந்தது, சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது. உள்ளே வெறும் அகர். அவள் "அண்ணே" என்று ஒரு சத்தம் போட்டாள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. அடுத்த நொடி இரண்டு கையாலும் இலையைப் பற்றித் தூக்கப் போனாள். மைக்ராஸ்கோப், பழம், தேங்காய், எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தேடுகிற வேகம்.

"கையக் கட்டு பாப்பா!"

நான் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அப்படியே நின்றுவிட்டாள். நானும் கட்டிக்கொண்டேன். படிக்கிற பிள்ளையும் அட்டெண்டரும் பூஜைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கை கட்டி நின்றோம்.

"மொதல்ல இன்னா செய்யணும்?" என்று கேட்டேன்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "வெளிச்சத்த நிறுத்தணும்."

சாமிக்குப் போட்ட பல்பின் சுவிட்சை நான்தான் நிறுத்தினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். சிவப்பு வெளிச்சம் அதைத் தொந்தரவு செய்யாது என்று அவள் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. சரஸ்வதிக்குச் சாத்தியிருந்த சிவப்பு ரவிக்கைத் துணியை, "கொஞ்ச நேரம் குடு தாயே" என்று எடுத்து, என் போன் டார்ச்சின் மேல் சுற்றிப் பிடித்தேன். லேப் முழுக்கக் கருவறை மாதிரி ஆகிவிட்டது.

இனி அவள் வேலை. அவள் கண் பார்க்க ஆரம்பித்ததும் பயம் போய்விட்டதை நான் பார்த்தேன். தட்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இங்க பாருங்கண்ணே. சந்தனம் வழிஞ்சி மூடிக்குள்ள எறங்கியிருக்கு. அந்தப் பக்கமே இது போகல. போன தடம் இந்தப் பக்கம்." அகர் மேல் நத்தை போன வழி போல ஒரு பளபளப்பு. மூடி ஓரத்தில் அது வெளியே ஏறியிருந்தது. "பல்புக்கு எதிர்ப்பக்கமா எறங்கியிருக்கு. இருட்டு எங்க, ஈரம் எங்க, சோறு எங்க. மூணும் எங்க இருக்கு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இலையைப் பார்த்தோம். தேங்காய் உடைத்த தண்ணீர் இலைக்கடியில் ஓடியிருந்தது. கொஞ்சம் பொரியும் சரிந்து உள்ளே போயிருந்தது.

இலையின் ஓரத்தை அவள் ஒரு விரலால் மெதுவாகத் தூக்கினாள். நான் துணி சுற்றிய விளக்கைத் தாழ்த்தினேன்.

அங்கே இருந்தது. இலையின் அடிப்புறத்தில் விசிறி மாதிரி விரிந்து, மஞ்சள் நரம்பு நரம்பாக, நனைந்த பொரியைப் பற்றிக்கொண்டு இருந்தது. சாமிக்குப் படைத்ததைச் சாமி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிரசாதத்தைச் சாப்பிட்ட ஒரு உயிரை அன்றைக்குப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அமுதா அழவில்லை. "அண்ணே, பாதி போச்சு" என்றாள்.

இலையின் வெளி ஓரத்தில், பல்பு வெளிச்சம் பட்ட இடத்தில், அது ஏற்கெனவே குவிந்து மொட்டு மொட்டாக நிற்கத் தொடங்கியிருந்தது. உள்பக்கம் இன்னும் மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் போகிற வழியில் உள்பக்கமும் போய்விடலாம். உடனே பிரிக்க வேண்டும்.

"கத்தி" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. கத்தி, இடுக்கி, பிளேடு எல்லாம் பூஜையில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் பூசி. சாமி குற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். சந்தனத்துக்கு ஒதுங்கித்தான் அது தட்டை விட்டே ஓடியிருக்கிறது. அந்தக் கத்தியை அதன் மேல் எப்படி வைப்பது? கழுவிக் காய்ச்சி எடுக்க நேரம் ஆகும்.

"கத்தி எதுக்கு பாப்பா? வாழையில. நரம்புப் போக்குல கிழிச்சா நேராத்தான் போவும்."

நான் இலையின் இரண்டு பக்கத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். மெத்தென்று இருந்த பகுதிக்கும் மொட்டாகிவிட்ட பகுதிக்கும் நடுவில் எது எல்லை என்று எனக்குத் தெரியாது. அது அவளுக்குத்தான் தெரியும். கொஞ்சம் தள்ளிக் கிழித்தால் நல்லது போகும், கொஞ்சம் கிட்டக் கிழித்தால் கெட்டது ஒட்டும். முகத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் "தூஸ்மான்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தாள்.

கிழித்தாள். சர்ரென்று நேராக வந்தது.

பிரிட்ஜ் கதவிலும் பொட்டு இருந்தது. அதனிடமும் மன்னிப்புக் கேட்டுத் திறந்து, ஊற்றி வைத்திருந்த புதுத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். இலைத் துண்டைக் கவிழ்த்து வைத்தாள், ஓட்ஸ் போட்டாள், இருட்டு அலமாரிக்குள் வைத்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தடுக்கவில்லை. பூஜைக்கு வைத்திருந்த பழத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காலையிலிருந்து அவளும் பட்டினிதான்.

மறுபூஜை முடிந்து லேப் திறந்த அன்று இலைத் துண்டை விட்டு இறங்கி ஓட்ஸ் முழுக்க மூடியிருந்தது மஞ்சள். ஆனால் பிழைத்தது போதாது. உப்பை மறந்திருந்தால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேடம் பிரான்சிலிருந்து திரும்பியதும்தான் சோதித்தோம். தட்டின் இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் சாப்பாடு, நடுவில் உப்புக் கலந்த அகரால் ஒரு பாலம். மேடம், அமுதா, நான், மூன்று பேரும் சுற்றி நின்றோம். நான் மனசுக்குள் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அமுதா ஊர் அம்மனுக்கு என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

பாலத்தின் வாயில் வந்து நின்றது. விரலை நீட்டியது. இழுத்துக்கொண்டது. அமுதா முகம் வெளுத்துவிட்டது. மறுபடி நீட்டியது. அப்புறம் இழுக்கவில்லை. பழைய வேகம் இல்லை. ஆனால் உப்பையே பார்க்காத ஒன்று போலத் தயங்கவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது அந்தப் பக்கம் ஓட்ஸ் மேல் உட்கார்ந்திருந்தது.

மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சொன்ன வாக்குப்படி கேள்வி கேட்கவில்லை.

அந்த மாதமே எனக்குப் பேத்தி பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். சரஸ்வதித் தாய் என்னைக் கேள்வி கேட்கவில்லை. பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது என் மைத்துனன், "மஞ்சுளான்னு வெச்சிடுங்க மாமா, உங்க சளி ஞாபகமா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

அமுதா ஆராய்ச்சியை முடித்தாள். இப்போது வேறு ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், சொந்தமாக லேபும் வைத்திருக்கிறாள். அந்தத் தட்டிலிருந்து பிரித்துப் பிரித்து வளர்த்ததுதான் அங்கேயும் இருக்கிறது, நீங்கள் இன்று சோறு போடுகிற அலமாரியிலும் இருக்கிறது. அவள் அப்பா கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என் பொண்ணோட டாக்டர் நல்லா கீறாரா?" என்று அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பூஜையை நாங்கள் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. பூஜை நாளில் முதலில் அலமாரியைத் திறந்து மஞ்சளுக்குச் சோறு போட்டு மூட வேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கு. மஞ்சளுக்கு வைக்கிற பொட்டு அலமாரிக் கதவுக்கு மட்டும், வெளிப்புறம். சாவியைப் பூஜையில் வைக்கலாம், ஆனால் எடுக்கப் பயப்படக் கூடாது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் அமுதா எனக்குப் போன் செய்வாள். வணக்கம் கூடச் சொல்ல மாட்டாள். "அண்ணே, சோறு போட்டாச்சா?" என்பாள். "போட்டாச்சு பாப்பா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய பெரிய பட்டம் அந்தப் போன்தான்.

இப்போது சாவி என்னிடம் இல்லை. உங்கள் நம்பரை அவளிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் போன் உங்களுக்கு வரும். எடுத்த உடனே கேட்பாள். நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லுங்கள்.